44: சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் ஓட்டக்காரர்கள்

(சொற்பொழிவின் அச்சு வடிவம்)

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போடுகிறவர்கள் உறையில் 13244 என்ற அஞ்சல் குறியீட்டை எழுத வேண்டும். அங்கே தொலைபேசியில் பேச வேண்டுமானால் 443 என்று தொடங்கும் எண்ணைச் சுழற்ற வேண்டும். இரண்டிலும் 44 வந்து உட்கார்ந்திருப்பது தற்செயல் இல்லை. பல்கலைக்கழகம் கேட்டு வாங்கிக்கொண்ட எண் அது. நோபல் பரிசு பெற்ற பேராசிரியரின் நினைவாகவோ, நிறுவனரின் பிறந்த ஆண்டை ஒட்டியோ அல்ல. கால்பந்து வீரர்கள் சிலர் முதுகில் போட்டிருந்த சட்டை எண்ணுக்காக.

அந்தச் சட்டையைப் போட்டவர்களில் எர்னி டேவிஸ் என்பவரின் கதைதான் இன்றைய பேச்சின் நடுநாயகம். ஆனால் அவரை மட்டும் தனியே எடுத்துப் பேசினால் பாதிக் கதைதான் கிடைக்கும். அவருக்கு முன்னால் அந்தப் பல்கலைக்கழகம் ஒருவருக்கு என்ன செய்தது, அவருக்குப் பின்னால் ஒன்பது பேருக்கு என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் 44 என்ற எண்ணின் முழு எடை தெரியும்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நாம் கால்பந்து என்று சொல்வதற்கும் அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வதற்கும் பெயரைத் தவிர ஒட்டுறவு குறைவு. 100 யார்டு நீள மைதானம், பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மேலும் நான்கு வாய்ப்பு கிடைக்கும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் டச்டவுன், ஆறு புள்ளி. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு பதினொரு பேர் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவர்தான் ரன்னிங் பேக். கபடியில் பாடிப் போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இவர் திரும்பி வர வேண்டியதில்லை, முன்னேறிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று யார்டு போனால் பரவாயில்லை, நான்கு போனால் நல்லது. ஒரு ஓட்டத்துக்குச் சராசரியாக ஆறு யார்டுக்கு மேல் கல்லூரிக் காலம் முழுவதும் எடுத்தவர் என்றால் ஊரே திரும்பிப் பார்க்கும்.

சிரக்யூஸ் 1889இல் இந்த ஆட்டத்தில் இறங்கியது. முதல் ஆட்டத்தில் ராச்செஸ்டர் அணியிடம் 36–0 என்று உதை வாங்கியது. 1907இல் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் ஜான் ஆர்ச்போல்டு கொடுத்த பணத்தில் கான்கிரீட் மைதானம் எழுந்தது. எழுபது ஆண்டுகள் அதுதான் அணியின் வீடு. இடைப்பட்ட காலத்தில் நல்ல வருடங்களும் உண்டு, சொல்லத் தகாத வருடங்களும் உண்டு. அவற்றை விட்டுவிட்டு 1937க்குப் போவோம். ஏனென்றால் அங்கே இந்தியாவுக்கு ஒரு நூலிழைத் தொடர்பு இருக்கிறது.

வில்மெத் சிடாட்-சிங் என்ற பெயரைக் கேட்டால் யாருக்கும் பஞ்சாப்பிலிருந்து போனவர் என்றுதான் தோன்றும். சிரக்யூஸின் பத்திரிகைகளும் அவரை ‘இந்து’ என்றே எழுதின. உண்மையில் அவர் வாஷிங்டனில் பிறந்த கறுப்பின அமெரிக்கர். தந்தை இறந்தபின் தாயார் இந்தியாவிலிருந்து வந்த சாமுவேல் சிடாட்-சிங் என்ற மருத்துவரை மணந்தார். குடும்பம் நியூயார்க்கின் ஹார்லெமில் குடியேறியது. வளர்ப்புத் தந்தையின் பெயர் பையனுக்கும் வந்தது. கூடைப்பந்துக்காகச் சிரக்யூஸ் வந்தவர் கால்பந்திலும் வெளுத்து வாங்கினார். ஓடவும் செய்வார், பந்தை எறியவும் செய்வார். இந்தியர் என்ற திரை இருந்தவரை எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

1937 அக்டோபரில் மேரிலாந்து பல்கலைக்கழகத்துடன் பால்டிமோரில் ஆட்டம். அதற்குச் சற்று முன் சாம் லேசி என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் சிடாட்-சிங் யார் என்ற உண்மையை எழுதிவிட்டார். கறுப்பர் களத்தில் இறங்கினால் நாங்கள் ஆட மாட்டோம் என்றது மேரிலாந்து. சிரக்யூஸ் என்ன செய்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. என்ன செய்தது என்றால், தன் சிறந்த வீரரை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு ஆடி 13–0 என்று தோற்றது. மறு ஆண்டு மேரிலாந்து சிரக்யூஸுக்கு வந்தது. இம்முறை சிடாட்-சிங் ஆடினார், 53–0. இரண்டாம் உலகப் போரில் அவர் டஸ்கீகி விமானப் படைப்பிரிவில் சேர்ந்தார். 1943 மே மாதம் பயிற்சிப் பறப்பின்போது விமானம் பழுதாகி, ஹ்யூரான் ஏரியில் விழுந்து இறந்தார். வயது 25. மேரிலாந்து வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது 2013இல்.

லேசியை இன்றும் சிலர் குறை சொல்வதுண்டு, பையனின் வாய்ப்பைக் கெடுத்துவிட்டார் என்று. பொய்ப் பெயருக்குள் ஒளிந்து ஆடும் உரிமை உரிமையே அல்ல என்பது லேசியின் கட்சி. அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

1949இல் சிரக்யூஸுக்குப் புதிய பயிற்சியாளர் வந்தார். பென் ஷ்வார்ட்ஸ்வால்டர். நார்மண்டியில் பாராசூட்டில் குதித்த ராணுவ அதிகாரி. மாணவப் பருவத்தில் 146 பவுண்டு எடையை வைத்துக்கொண்டு வரிசையின் நடுவில் நின்று மல்லுக்கட்டியவர். பந்தை எறிந்து விளையாடுவதில் அவருக்குப் பெரிய மோகம் கிடையாது. தரையில் அடித்து ஓட வேண்டும், அவ்வளவுதான். அவர் கையில் 1953இல் வந்து சேர்ந்தார் ஜிம் பிரவுன்.

வந்து சேர்ந்த விதமே விசித்திரம். பிரவுனுக்குச் சிரக்யூஸ் உதவித்தொகை தரவில்லை. அவருடைய ஊரான மான்ஹாசெட்டில் கென்னத் மலாய் என்ற வழக்கறிஞர், சிரக்யூஸின் பழைய மாணவர், ஊராரிடம் பணம் திரட்டி முதல் ஆண்டுச் செலவைக் கட்டினார். தனக்கு உதவித்தொகை கிடைத்திருப்பதாகவே பிரவுன் நம்பிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர்கள் அவரைக் கடைசி வரிசையில் வைத்தார்கள். வெளியேறிவிடலாமா என்று யோசித்தவர் தங்கினார். தங்கியது யாருக்கு லாபம் என்பதை 1956 சொன்னது: எட்டே ஆட்டங்களில் 986 யார்டு. கடைசி ஆட்டத்தில் கோல்கேட் அணிக்கு எதிராக ஆறு டச்டவுன். அதோடு பந்தை உதைத்து ஏழு கூடுதல் புள்ளி. ஒரே ஆள் 43 புள்ளி. முடிவு 61–7. அடுத்து டாலஸில் நடந்த காட்டன் பௌல் ஆட்டத்தில் அணியின் 27 புள்ளிகளில் 21 அவருடையது. அவர் உதைத்த ஒரு கூடுதல் புள்ளியை எதிரணி தடுத்துவிட்டது. டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம் 28–27 என்று வென்றது.

அந்த ஆண்டு கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது நோட்ரடேமின் பால் ஹோர்னங்குக்குப் போனது. நோட்ரடேம் அந்த ஆண்டு இரண்டு ஆட்டம் வென்று எட்டில் தோற்றிருந்தது. பிரவுனுக்கு ஐந்தாம் இடம். ஹைஸ்மன் விருது 1935இலிருந்து கொடுக்கப்படுகிறது. அதுவரை ஒரு கறுப்பினரும் வாங்கியதில்லை. இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

பிரவுனின் முதுகில் இருந்த எண் 44. பிறகு அவர் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போய் ஒன்பது ஆண்டுகளில் எட்டு முறை லீகின் முதல் ஓட்டக்காரராக வந்தது தனிக் கதை. இங்கே நமக்கு வேண்டியது, எல்மைரா என்ற சிறு நகரத்துப் பள்ளி மாணவன் ஒருவனைச் சிரக்யூஸுக்கு வரும்படி அவர் இழுத்தார் என்பதுதான்.

எர்னி டேவிஸ் பிறந்தது 1939 டிசம்பர் 14, பென்சில்வேனியாவின் நியூ சேலத்தில். பிறப்பதற்கு முன்பே தந்தை விபத்தில் போய்விட்டார். தாத்தா பாட்டி வீட்டில், யூனியன்டௌன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் வளர்ந்தான். பன்னிரண்டு வயதில் தாயோடு எல்மைராவுக்கு வந்தான். அங்கே பள்ளிக் கூடைப்பந்து அணி அவனை வைத்துக்கொண்டு தொடர்ந்து 52 ஆட்டங்கள் வென்றது. கால்பந்தையும் சேர்த்துக்கொண்டால், வாசலில் கல்லூரிகள் வரிசை கட்டியதில் வியப்பில்லை. பிரவுன் பேசினார், ஷ்வார்ட்ஸ்வால்டர் பேசினார். டேவிஸ் சிரக்யூஸுக்கு வந்தார். 44 அவருக்குக் கிடைத்தது.

இருவரையும் ஒப்பிடாமல் இருக்க முடியாது. பிரவுன் எதிரியை மோதிச் சாய்த்துவிட்டுப் போகிற ரகம். மைதானத்துக்கு வெளியேயும் அப்படித்தான், யாருக்கும் வளைந்து கொடுக்க மாட்டார். டேவிஸ் சிரித்த முகம், மெல்லிய பேச்சு, எல்லோருக்கும் நண்பர். ஆனால் பந்து கைக்கு வந்தால் கணக்கு வேறு. மூன்று பருவங்களில் பிரவுன் 361 முறை பந்தைச் சுமந்து 2,091 யார்டு ஓடினார். டேவிஸ் அவரைவிட ஒன்றே ஒன்று குறைவாக, 360 முறை சுமந்து 2,386 யார்டு. ஓட்டத்துக்குச் சராசரி 6.6. 1960ஆம் ஆண்டை மட்டும் எடுத்தால் 7.8. ஓடுகிறவருக்கு வழிவிட எதிரணியை மறித்து நிற்கும் சொந்த அணியின் தடுப்பு வரிசை எத்தனை பலமாக இருந்தாலும் இந்தச் சராசரி தானாக வந்துவிடாது.

1959இல் அந்தத் தடுப்பு வரிசையும் பலமாகத்தான் இருந்தது. ‘ஏழு மலைகள்’ என்று சொல்லத் தோன்றும் ஏழு பேர். டேவிஸுக்கு அப்போது இரண்டாம் ஆண்டு. முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக் கூடாது என்ற விதி இருந்ததால் அதுதான் அவருக்கு முதல் பருவம். கான்சஸை 35–21, வெஸ்ட் வர்ஜீனியாவை 44–0. ஐந்து ஆட்டங்களில் எதிரணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. உண்மையாகவே கழுத்தைப் பிடித்தது பென் ஸ்டேட் மட்டும்தான். 20–18 என்று தப்பித்தார்கள். கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ் போய் யூசிஎல்ஏவை 36–8 என்று முடித்துவிட்டு, பத்து ஆட்டமும் வென்று, முதலிடத்தோடு டாலஸுக்கு வந்தார்கள்.

1960 ஜனவரி 1, காட்டன் பௌல். எதிரே டெக்சஸ் பல்கலைக்கழகம், முழுக்க வெள்ளையர் அணி. சிரக்யூஸில் டேவிஸ், ஆர்ட் பேக்கர், ஜான் பிரவுன் என்று மூன்று கறுப்பினர். டேவிஸுக்குத் தொடைத் தசை பிடித்திருந்தது, நொண்டிக்கொண்டிருந்தார். ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே ஜெர்ஹார்ட் ஷ்வெடெஸ் எறிந்த பந்தைப் பிடித்துக்கொண்டு எல்லை வரை ஓடினார். 87 யார்டு. அந்தக் காலத்து விதிப்படி தாக்குபவரே தடுக்கவும் வேண்டும். தடுப்பில் நின்று எதிரணியின் பந்தையும் ஒருமுறை பறித்தார். இன்னொரு டச்டவுனும் எடுத்தார். முதல் பாதி முடிவில் கைகலப்பு. இனத்தைச் சொல்லித் திட்டினார்கள் என்று சிரக்யூஸ் வீரர்கள் சொன்னார்கள். முடிவு 23–14. சிரக்யூஸ் தேசிய சாம்பியன். ஆட்டத்தின் சிறந்த வீரர் எர்னி டேவிஸ்.

அன்றிரவு விருது விருந்து. விருதைப் பெற்றுக்கொண்டபின் கறுப்பின வீரர்கள் அங்கே தங்கக் கூடாது என்று சொல்லப்பட்டது. அந்த ஊரில் அன்றைய நடைமுறை அது.

2008இல் வந்த ‘தி எக்ஸ்பிரஸ்’ திரைப்படம் இந்த வாழ்க்கையை எடுத்துச் சொல்கிறது. ராப் பிரவுன் டேவிஸாகவும் டென்னிஸ் குவெய்டு பயிற்சியாளராகவும் நடித்தார்கள். நல்ல நடிப்பு. ஆனால் வெஸ்ட் வர்ஜீனியாவில் பார்வையாளர்கள் டேவிஸ் மீது பாட்டில் எறிவதாக நீண்ட காட்சி ஒன்று வருகிறது. 1959இல் அந்த ஆட்டம் நடந்தது வெஸ்ட் வர்ஜீனியாவிலேயே அல்ல, சிரக்யூஸின் சொந்த மைதானத்தில். இழிவைக் காட்ட டாலஸ் ஒன்றே போதுமானதாக இருந்தபோது இல்லாத ஒன்றைச் சேர்த்தது படத்தின் பலவீனம். அதைவிடப் பெரிய குறை, தீமை எல்லாம் தெற்கிலும் அயலூரிலும் மட்டும்தான் இருந்தது என்ற எண்ணத்தோடு பார்வையாளரை அனுப்பி வைப்பது. சிரக்யூஸுக்குள்ளேயே என்ன இருந்தது என்பதற்குப் பிறகு வருவோம்.

1961இல் டேவிஸுக்கு ஹைஸ்மன் கிடைத்தது. ஒஹையோ ஸ்டேட்டின் பாப் ஃபெர்குசனைவிட 53 புள்ளிகள்தான் அதிகம்; 824க்கு 771. விருதை வாங்கிய முதல் கறுப்பினர் அவர். டிசம்பர் 6 அன்று விருதுக்காக நியூயார்க் போயிருந்தபோது அதே நகரத்தில் இருந்த ஜனாதிபதி கென்னடி அவரைப் பார்க்க விரும்பி அழைத்துக் கை குலுக்கினார். பருவத்தின் கடைசி ஆட்டமான லிபர்ட்டி பௌலில் மயாமி பல்கலைக்கழகத்துக்கு எதிராக 140 யார்டு ஓடினார்; சிரக்யூஸ் 15–14 என்று வென்றது.

தொழில்முறைக் கால்பந்துக்கு அவர் போன பாதையிலும் அரசியல் இருந்தது. தேசிய லீகில் கறுப்பினரைச் சேர்க்காத கடைசி அணி வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸ். உரிமையாளர் ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல் அதில் வெட்கப்படவும் இல்லை. ஆனால் அணி குடிபோகவிருந்த புதிய மைதானம் மத்திய அரசின் நிலத்தில் இருந்தது. உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யுடால், பாகுபாடு காட்டினால் மைதானம் கிடையாது என்றார். வேறு வழியில்லாமல் 1962 வீரர் தேர்வின் முதல் வாய்ப்பில் டேவிஸைத் தேர்ந்தெடுத்தார் மார்ஷல். பிறகு அவரைக் கிளீவ்லண்டுக்குக் கொடுத்து, பதிலுக்குப் பாபி மிட்செல் என்ற கறுப்பின வீரரை வாங்கிக்கொண்டார். ஜிம் பிரவுனும் எர்னி டேவிஸும் ஒரே அணியில், அருகருகே. கிளீவ்லண்ட் ரசிகர்கள் கோப்பைகளை எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

அது நடக்கவில்லை. 1962 கோடையில், சிகாகோவில் கல்லூரி நட்சத்திரங்கள் அணிக்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது டேவிஸ் சோர்ந்து போனார், கழுத்தில் வீக்கம். பரிசோதித்ததில் ரத்தப் புற்றுநோய். சில மாதங்களுக்கு நோய் அடங்கியிருந்தது. ஆட விடலாம் என்று உரிமையாளர் ஆர்ட் மாடல் விரும்பினார். கூடாது என்று பயிற்சியாளர் பால் பிரவுன் மறுத்தார். இருவருக்கும் ஏற்கெனவே இருந்த கசப்பு இதில் முற்றியது. 1963 ஜனவரியில் பால் பிரவுன் வேலையை இழந்தார். டேவிஸ் கிளீவ்லண்ட் மைதானத்தில் தோன்றியது ஒரு முறைதான்: பருவத்துக்கு முந்தைய ஆட்டம் ஒன்றில், விளக்குகளை அணைத்து, ஒற்றை ஒளிவட்டம் பின்தொடர, ரசிகர்களுக்கு அறிமுகமாக ஓடிவந்தார். ஓர் ஆட்டத்திலும் ஆடவில்லை.

தான் துரதிர்ஷ்டசாலி அல்ல என்ற தலைப்பில் ‘சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்’ இதழில் 1963இல் அவர் பெயரில் கட்டுரை வந்தது. மே 18 அன்று இறந்தார். வயது 23. எல்மைராவில் பத்தாயிரம் பேர் அவர் உடலைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். மார்க் ட்வெய்ன் அடக்கமான உட்லான் கல்லறைத் தோட்டத்திலேயே அவரும் அடக்கமானார். அவருக்காக ஒதுக்கிய 45 என்ற எண்ணைக் கிளீவ்லண்ட் அணி யாருக்கும் தராமல் நிறுத்திவிட்டது.

அந்த நேரத்தில் கனெக்டிகட்டின் நியூ ஹேவனைச் சேர்ந்த ஃப்ளாய்டு லிட்டில் என்ற இளைஞர் எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். ராணுவ அகாடமியும் நோட்ரடேமும் அழைத்தன. சில மாதங்களுக்கு முன் டேவிஸ் நேரில் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். மரணச் செய்தி கேட்டதும் லிட்டில் சிரக்யூஸுக்குத் தொலைபேசியில் சம்மதம் சொன்னார். 44ஐப் போட்டுக்கொண்டு 2,704 யார்டு ஓடி டேவிஸின் கணக்கைத் தாண்டினார். மூன்று ஆண்டும் அகில அமெரிக்க வீரர். அவரோடு சேர்ந்து ஆடிய லாரி சோங்கா அவரையும் தாண்டினார், 39 என்ற எண்ணோடு. பின்னாளில் ஜோ மோரிஸ் 4,299 யார்டு ஓடி எல்லோரையும் தாண்டினார். அவர் எண் 47. ஆக, சிரக்யூஸில் அதிகம் ஓடியவர்கள் எல்லோரும் 44 அல்ல. 44ஐ அணிந்தவர்களில் ராப் கான்ராட் என்பவருடைய சாதனை கணக்கில் வராதது: 2015இல் ஃப்ளோரிடா கடலில் படகிலிருந்து தவறி விழுந்து, இரவெல்லாம் நீந்திக் கரை சேர்ந்தார். 2005 நவம்பரில் பல்கலைக்கழகம் 44க்கு ஓய்வு கொடுத்து விழா எடுத்தது.

இனி, படம் சொல்லாத பகுதி.

டேவிஸ் இறந்து ஏழு ஆண்டு கழித்து, 1970 வசந்த காலப் பயிற்சியை ஒன்பது கறுப்பின வீரர்கள் புறக்கணித்தார்கள். பத்திரிகைகள் தவறாக எண்ணி ‘சிரக்யூஸ் எண்மர்’ என்று எழுத, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவர்கள் கேட்டது நான்கு. பயிற்சியாளர் குழுவில் கறுப்பினருக்கு இடம். நிறம் பார்க்காமல், திறமை பார்த்து ஆடும் அணியைத் தேர்வு செய்தல். படிப்பில் உதவி. ஒழுங்கான மருத்துவம். அணியின் மருத்துவர் மகப்பேறு மருத்துவர் என்பதும், கறுப்பின வீரர்களைத் தொட்டுப் பார்க்கவே தயங்கினார் என்பதும் அவர்களுடைய புகார். பின்னிரண்டு கோரிக்கைகளும் வெள்ளை வீரர்களுக்கும் சேர்த்துத்தான்.

பயிற்சியாளர் அதே ஷ்வார்ட்ஸ்வால்டர். பிரவுன், டேவிஸ், லிட்டில் மூவரையும் வளர்த்தவர். தெற்கத்திய அணிகள் கறுப்பினரை வாசலில் நிறுத்திய காலத்தில் களத்தில் இறக்கியவர். அதனால்தானோ என்னவோ, தன் அணியில் பாகுபாடு இருக்க முடியும் என்பதை அவரால் ஏற்கவே முடியவில்லை. அவருடைய கண்ணில் அது ஒழுங்குமீறல் மட்டும்தான். ஒன்பது பேரும் அணிக்கு வெளியே நின்றார்கள். ஜிம் பிரவுன் சிரக்யூஸ் வந்து அவர்கள் பக்கம் பேசினார். பருவத்தின் முதல் உள்ளூர் ஆட்டத்தில் மைதானத்தைச் சுற்றிப் போலீஸ் நின்றது. பல்கலைக்கழகம் அமைத்த குழு ஆண்டு இறுதியில் அறிக்கை கொடுத்தது: விளையாட்டுத் துறையில் இனப் பாகுபாடு நாட்பட்ட நோயாக இருக்கிறது, மாணவர்களின் புகார் உண்மை. புகார் உண்மை என்றான பிறகும் இழந்த பருவம் அவர்களுக்குத் திரும்பவில்லை.

டேவிஸ் ஏன் இப்படி எதிர்த்து நிற்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயமான கேள்வி அல்ல. மூன்று பேராக இருந்து டாலஸில் ஆடியவருக்கும், ஒன்பது பேராக நின்று கோரிக்கை வைத்தவர்களுக்கும் காலம் வேறு, பலம் வேறு. ஆனால் பல்கலைக்கழகம் எதைக் கொண்டாடியது, எதை மறைத்தது என்று கேட்பது நியாயம். சிரித்துக்கொண்டே ஓடியவருக்குச் சிலை கிடைத்தது. கேள்வி கேட்டவர்களுக்கு, அணியில் ஆடிய எல்லோருக்கும் கிடைக்கும் ஜாக்கெட்கூடக் கிடைக்கவில்லை.

ஷ்வார்ட்ஸ்வால்டர் 1973 பருவத்தோடு, 153 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார், 1993இல் இறந்தார். அந்த ஒன்பது பேரில் உயிரோடு இருந்தவர்களை 2006 அக்டோபரில் பல்கலைக்கழகம் அழைத்தது. வேந்தர் நான்சி கேன்டர் மன்னிப்புக் கேட்டார். உயரிய பதக்கம் வழங்கப்பட்டது. 36 ஆண்டு தாமதமாக, சிரக்யூஸின் ஆரஞ்சு எழுத்துப் பொறித்த ஜாக்கெட்டுகளும் வழங்கப்பட்டன. எர்னி டேவிஸின் படத்தைப் பார்க்கப் போகிறவர்கள் இவர்களுடைய பெயர்களையும் தேடிப் படித்துவிட்டுப் பாருங்கள்: கிரெகரி ஆலன், ரிச்சர்டு புல்ஸ், ஜான் காட்போல்ட், டேனா ஹாரெல், ஜான் லோபான், கிளாரன்ஸ் மக்கில், அலிஃப் முஹம்மது, டுவேன் வாக்கர், ரான் வோமாக்.